ரீட் கமாண்டுக்கு ஒரு '-ஜி'

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பென்ஷன் கைக்கு வந்த மறுமாதமே தெருப் பிள்ளைகளை அழைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். நான் அந்த நேரத்தில் உள்ளறையில் சர்வர் வேலையில் இருப்பேன். கதவு திறந்தே இருக்கும். 'ப', 'பா', 'பி', 'பீ' என்று கோரஸாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

போன வருடம் சாக்பீஸ் தூசி அத்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. இளைப்பு வந்துவிட்டது. கரும்பலகையை எடுத்துவிட்டு என் பழைய லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு சொல் இருக்கும். என்டர் தட்டத் தட்ட அந்தச் சொல் எழுத்து எழுத்தாகத் திரையில் பெரிதாக வளர வேண்டும். அத்தை கேட்டது இவ்வளவுதான். டெர்மினலில் ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட், நாற்பது வரி. நாம் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் மென்பொருளை ஷெல் என்பார்கள், பாஷ் அதில் ஒரு வகை. உள்ளீட்டை வாசித்துக் கொடுப்பது அதன் 'ரீட்' கமாண்ட். சொற்கள் வரும் ஃபைலை மூன்றாம் எண்ணில் திறந்து வைத்துக்கொண்டு, 'ரீட் -யு 3 -என் 1' என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்தேன். '-என்' என்றால் இத்தனை எழுத்து வாசித்ததும் நிறுத்திக்கொள் என்று பொருள். ஆங்கிலச் சொல் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அத்தையைக் கூப்பிட்டேன்.

முதல் சொல் 'தமிழ்'. அத்தை ஒரு தட்டு தட்டினார். 'த'. இன்னொரு தட்டு. 'தம'.

"ஏம்மா, இது என்ன 'தம'? நான் தமிழ்னுல்ல எழுதிக் குடுத்தேன்."

"இன்னொரு தட்டு தட்டுங்க அத்தை, வந்துரும்."

தட்டினார். 'தமி'. பிறகு 'தமிழ'. பிறகு 'தமிழ்'.

"மூணு எழுத்துக்கு அஞ்சு தட்டா? 'தம', 'தமிழ'ன்னு பிள்ளைங்க வாயில ஏறிட்டா அப்புறம் யாரும்மா மாத்துறது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க முடியாது. ஷெல்லுக்கு 'தமிழ்' ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோட் இவை ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது. அதைத்தான் கோட்பாயிண்ட் என்கிறோம். மொழி அமைப்பான லோக்கேலை 'சி' என்று மாற்றிவிட்டு நீளம் கேட்டால் அதே சொல் பதினைந்து ஆகிவிடும், ஏனென்றால் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் கோட்பாயிண்ட் ஒவ்வொன்றும் மூன்று பைட். 15 கம்ப்யூட்டர் சேமிக்கும் கணக்கு, 5 யூனிகோட் பட்டியல் கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணுவது 3. அந்த மூன்றைச் சொல்ல 'ரீட்' கமாண்டில் வழி இல்லை.

வேறு மொழியில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பைத்தானில் நேரடியாக நீளம் கேட்டாலும் ஐந்துதான் வரும். ஸ்விஃப்ட் மூன்று என்று சொல்லும், அதற்காக அந்த மொழியை மதிக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடமாக நான் சோறு தின்பது ஷெல்லால். ஒரு நாளில் 'ரீட்' என்று எத்தனை முறை அடிக்கிறேன் என்று எண்ணியதே இல்லை. அந்தக் கமாண்டுக்கு என் தாய்மொழியின் எழுத்து தெரியவில்லை என்பது எனக்கு உறுத்தியது. '-என்' போல இன்னொரு ஆப்ஷனைச் சேர்த்தால் என்ன என்று அன்று இரவே பாஷ் 5.2-இன் மூலக் கோடை, அதாவது அதை எழுதிய நிரலை, இறக்கினேன்.

ஷெல்லில் சில கமாண்டுகள் தனி ஃபைலாக இல்லாமல் ஷெல்லுக்கு உள்ளேயே ஏன் இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி அது வளர்ந்த கதையை எழுதும்போது சொல்லியிருக்கிறார். பெல் லேப்ஸில் பிடிபி-7 இயந்திரத்தில், ஓடும் புரோகிராம் தன் நகல் ஒன்றைப் பிறப்பிக்கும் ஃபோர்க் வசதியைச் சேர்த்தபின், டைரக்டரி மாற்றும் கமாண்ட் திடீரென்று வேலை செய்யாமல் போனது. கோடைத் திரும்பத் திரும்பப் படித்துக் குழம்பியிருக்கிறார்கள். கோடில் பிழையே இல்லை. ஃபோர்க் வந்தபின் ஒவ்வொரு கமாண்டும் ஷெல்லின் பிள்ளையாகத் தனி பிராசஸில் ஓடுகிறது. பிள்ளை தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு செத்துப்போகிறது, தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் அந்தக் கமாண்டை ஷெல்லுக்குள்ளேயே வைத்தார்கள். 'ரீட்' உள்ளே இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். வாசித்ததை ஷெல்லின் வேரியபிளில், அதாவது மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில், போட வேண்டும். வெளியே இருப்பவரால் அது ஆகாது.

பாஷில் இப்படி உள்ளே இருக்கும் கமாண்டுகளுக்கென்று 'பில்ட்இன்ஸ்' என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் '.டெஃப்' என்று முடியும் ஒரு ஃபைல். திறந்தால் பாதி சி மொழி, பாதி டாலர் குறியில் தொடங்கும் வரிகள். கமாண்டின் பெயர், அதை நடத்தும் ஃபங்ஷன், ஒரு வரி விளக்கம், பிறகு 'ஹெல்ப்' அடித்தால் வரும் முழு விளக்கம், எல்லாம் அந்த ஒரே ஃபைலில். தொகுக்கும்போது 'எம்கே-பில்ட்இன்ஸ்' என்ற சின்ன புரோகிராம் அதைப் பிரித்து, சி ஃபைல் ஒரு பக்கம், ஹெல்ப் உரை ஒரு பக்கம் என்று எடுத்து வைக்கும். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. புது ஆப்ஷனைச் சேர்ப்பவர் அதன் விளக்கத்தையும் எழுதும் இடம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. என் அனுபவத்தில் விளக்கமும் கோடும் வேறு வேறு இடத்தில் இருக்கும் எந்த வேலையிலும் விளக்கம் ஒரு வருடத்தில் பழசாகிவிடும்.

என்ன எழுத்தைக் கொடுப்பது? பாஷ் 5.2-இல் ரீட் எடுத்துக்கொண்டவை: ஏ, டி, இ, ஐ, என், பெரிய என், பி, ஆர், எஸ், காலக்கெடுவுக்கான டி, யு. இஸட்-ஷெல், கார்ன் ஷெல் என்ற வேறு இரண்டு ஷெல்களின் ரீட்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், யாராவது ஒரே எழுத்தை வேறு பொருளில் வைத்திருந்தால் நாளைக்குக் குழப்பம் வரும். உரையை அச்சடிக்கும் 'எக்கோ' கமாண்ட் பட்ட பாடு ஷெல்லில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வரியை முடிக்காதே என்று சொல்ல '-என்' இருந்தது. யூனிக்ஸின் இன்னொரு வகையான சிஸ்டம் ஃபைவ் அந்த வேலைக்கு ஆப்ஷனை வைக்காமல் பின்சாய்வுக் குறியோடு 'சி' என்று உரைக்குள்ளேயே வைத்தது. யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தால் இரண்டையும் சேர்த்து வைக்க முடியவில்லை. இன்றைக்கும் ஒழுங்காக எழுதுபவர்கள் 'எக்கோ'வை விட்டுவிட்டு 'பிரின்ட்எஃப்' பயன்படுத்தக் காரணம் அந்த ஒரே எழுத்துத் தகராறு. எனக்கு 'ஜி' காலியாக இருந்தது. ஒரு முழு எழுத்தைக் குறிக்க யூனிகோட்காரர்கள் சொல்லும் 'கிராஃபீம்' என்ற சொல்லின் முதல் எழுத்தும் அதுவே. '-ஜி' என்று வைத்தேன்.

ஷெல்லுக்குள் இருக்கும் இந்தக் கமாண்டுகள் (பில்ட்-இன்கள்) ஆப்ஷன்களைப் பிரிக்க 'இன்டர்னல் கெட்ஆப்ட்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகின்றன. அதற்கு ஒரு சரம் கொடுக்க வேண்டும், கமாண்ட் ஏற்கும் எழுத்துகள் எல்லாம் வரிசையாக. ஒரு எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு கட்டாயம். அரைப்புள்ளி இருந்தால் மதிப்பு விருப்பம். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன செய்வது என்று ஸ்விட்ச்-கேஸ். ஆக ஒரு ஆப்ஷனுக்குக் குறைந்தது நான்கு இடத்தில் கை வைக்க வேண்டும்: ஒரு வரி விளக்கம், முழு விளக்கம், அந்தச் சரம், ஸ்விட்ச். நான் முதல் மூச்சில் மூன்றில்தான் வைத்தேன். சரத்தை மறந்துவிட்டேன். தொகுத்து, ஓட்டி, '-ஜி' அடித்தேன். "ரீட்: -ஜி: இன்வாலிட் ஆப்ஷன்" என்று வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே ஏற்கப்படும் ஆப்ஷன்களின் பட்டியல், அதில் தெளிவாக '-ஜி'யும் இருக்கிறது! இல்லை என்று சொன்ன வாயாலேயே இருக்கிறது என்றும் சொல்கிறதே என்று பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியல் விளக்க வரியிலிருந்து வருகிறது, தீர்ப்பு சரத்திலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை.

அடுத்தது, எது தனி எழுத்து, எது ஒட்டுக்குறி என்று கண்டுபிடிக்க வேண்டும். சி நூலகத்தில் ஒரு எழுத்து திரையில் எத்தனை கட்டம் அடைக்கும் என்று சொல்லும் ஃபங்ஷன் இருக்கிறது. ஒட்டுக்குறி என்றால் பூஜ்யம் வரும் என்று நம்பி அதைப் போட்டேன். 'மீன்' இரண்டு என்று சரியாக வந்தது. சந்தோஷப்பட்டேன். 'மின்னல்' போட்டேன். நான்கு வர வேண்டும், ஐந்து வந்தது. யூனிகோட் அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: நம் உயிர்க்குறிகளில் ஈகாரக் குறி மட்டும்தான் இடம் அடைக்காத குறி என்ற வகையில் இருக்கிறது. மற்ற பத்தும் இடம் அடைக்கும் குறிகள். புள்ளி அடைக்காத வகை. 'மீன்' தேறியதற்கு அதில் ஈகாரமும் புள்ளியும் மட்டும் இருந்ததே காரணம். நூலகத்தை நம்புவதை விட்டுவிட்டு, 11 உயிர்க்குறி, ஒரு புள்ளி, ஔகாரத்தின் வலப்பக்கக் குறி ஒன்று என்று 13 எண்களை நானே அட்டவணையாக எழுதினேன்.

அந்த அட்டவணை போட்டதும் ஃபைலிலிருந்து வாசிக்கும்போது எல்லாச் சொல்லும் சரியாக வந்தன. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான்.

'க' என்று ஒன்று வந்துவிட்டது. எழுத்து முடிந்துவிட்டதா? அடுத்து 'ா' வந்தால் அது 'கா'. 'ட' வந்தால் மட்டுமே 'க' தனி எழுத்து. அதாவது ஒரு தமிழ் எழுத்து முடிந்ததா என்று அறிய, அடுத்ததையும் வாசித்துப் பார்த்தாக வேண்டும். வாசித்தது ஒட்டுக்குறியாக இல்லாவிட்டால்? அது அடுத்த எழுத்துக்குச் சொந்தம். அதைத் திருப்பி வைக்க வேண்டும். எங்கே வைப்பது?

ஃபைலாக இருந்தால் கவலை இல்லை, மூன்று பைட் பின்னால் நகர்ந்துகொள்ளலாம். ஒரு கமாண்டின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பைப்பில் பின்னால் போக முடியாது. ஆற்றுத் தண்ணீர்தான். பாஷின் ரீட் பைப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாக வாசிப்பதற்கே இதுதான் காரணம். இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்-ட்ரேஸ் போட்டுப் பாருங்கள், 'தமிழ்' என்ற ஒரு வரிக்குப் பதினாறு முறை போய் வரும். பதினைந்து பைட்டுக்குப் பதினைந்து, வரிமுடிவுக்கு ஒன்று. மெதுவானதுதான், ஆனாலும் அது வேண்டுமென்றே செய்த மெதுவு. அதே பைப்பில் தனக்கு அடுத்து வாசிக்கப்போகும் கமாண்டின் பங்கில் ஒரு பைட்டைக்கூடத் தொடக்கூடாது என்பதற்காக. பந்தியில் அடுத்த இலைக்காரர் பங்கில் கை வைக்காத மரியாதை அது.

நான் அந்த மரியாதையைக் கெடுத்தேன். மிச்சமான எழுத்தை ஷெல்லுக்குள்ளேயே ஒரு வேரியபிளில் பதுக்கி, அடுத்த ரீட் வரும்போது முதலில் அதைக் கொடுத்தேன். ரீட்டும் ரீட்டுமாக இருக்கும்வரை நன்றாகத்தான் ஓடியது. பிறகு பைப்பில் 'கடல்' என்ற சொல்லை அனுப்பி, '-ஜி -என் 1' கொண்டு முதல் எழுத்தை வாங்கிவிட்டு, மீதியை, வந்ததை அப்படியே அச்சடிக்கும் 'கேட்' கமாண்டிடம் கொடுத்துப் பார்த்தேன். ரீட்டிடம் 'க' வந்தது. கேட் அச்சடித்தது 'ல்'. நடுவில் இருந்த 'ட' எங்கும் இல்லை. அது என் வேரியபிளுக்குள் உட்கார்ந்திருந்தது, இனி வராத ஒரு ரீட்டுக்காகக் காத்துக்கொண்டு.

அந்த 'ல்'லைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சர்வர் வேலையில் இருப்பவளுக்கு இது எப்படிப்பட்ட பிழை என்று தெரியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கமாண்ட் வெற்றி என்று பூஜ்யம் திருப்பும். எங்கோ ஒரு பெயர்ப் பட்டியலில் ஒருவர் பெயரில் ஒரு எழுத்து போயிருக்கும், ஆறு மாதம் கழித்து யாராவது அலுவலக வாசலில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு நிற்பார். ஃபைலில் சரியாகவும் பைப்பில் தவறாகவும் நடக்கும் ஆப்ஷன், ஆப்ஷனே இல்லாததைவிட மோசம்.

விசைப்பலகையிலிருந்து வாசிக்கும்போது நிலைமை இன்னும் விசித்திரம். பிள்ளை 'க' அடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறது. 'கா' அடிக்கப்போகிறதா, 'க'வோடு நிறுத்திவிட்டதா? ஷெல்லால் சொல்லவே முடியாது. இதை யோசித்துக்கொண்டே தமிழ்99 விசைப்பலகை முறையில் அடித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வருடக்கணக்காகக் கண்ணில் பட்டும் மனதில் பதியாதது. என் கணினியில் 'க' அடித்ததும் அது அடிக்கோட்டோடு நிற்கும். அடுத்த விசை வந்த பிறகுதான் கோடு மறைந்து எழுத்து உறுதியாகும். உள்ளீட்டு மென்பொருளுக்கும் இதே சிக்கல். அது 'இன்னும் முடிவாகவில்லை' என்பதைக் கோடு போட்டுக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறது. ரீட்டிடம் அப்படிக் கோடு போட இடம் இல்லை.

மூன்று நாள் கழித்து, காலையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கேள்வியையே தவறாகக் கேட்டிருக்கிறேன் என்று பட்டது. எனக்கு எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. முழு வரியையும் வாசித்துவிட்டு எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். வரி முடிந்துவிட்டால் அடுத்தது என்ன என்ற ஐயமே எழாது. யாருடைய பங்கையும் தொட வேண்டாம். ரீட்டில் ஏற்கெனவே '-ஏ' இருக்கிறது. வரியைச் சொற்களாகப் பிரித்து அரே என்ற பட்டியலில் போடும். அதோடு '-ஜி'யும் கொடுத்தால் சொற்களுக்குப் பதில் எழுத்துகளாகப் பிரி. அவ்வளவுதான்.

கோடைத் திறந்தால் அதற்கு வாசல் தயாராக இருந்தது. '-ஏ' கொடுத்தால் பாஷ் வரியை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துச் சொல் பட்டியலாக வாங்கி, அந்தப் பட்டியலை அரேக்குள் கொட்டுகிறது. நான் அந்த ஒரு அழைப்பை மட்டும் என் ஃபங்ஷனுக்குத் திருப்பினேன். முன்பு எழுதிய நூற்றுச் சொச்சம் வரிகளை அழித்துவிட்டேன். இப்போது மொத்தம் ஐம்பதுக்குள் அடங்கிவிட்டது.

இடைவெளியை என்ன செய்வது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணமாகச் சொற்களைப் பிரிக்கும்போது ஐஎஃப்எஸ் என்ற வேரியபிளில் இருக்கும் எழுத்துகள் பிரிகோடாகக் கருதப்பட்டு உதிர்ந்துவிடும். '-ஜி'யும் அதற்கே கட்டுப்படட்டும் என்று விட்டேன். ஐஎஃப்எஸ்ஸைக் காலியாக வைத்தால் இடைவெளியும் ஒரு உறுப்பாக வரும், வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம். புது விதி எதையும் யாரும் கற்க வேண்டாம்.

இன்னொரு இடத்தில் கொஞ்சம் வியர்த்தது. வரியில் பின்சாய்வுக் குறி இருந்து, '-ஆர்' கொடுக்காவிட்டால், பாஷ் அதற்கு அடுத்த எழுத்தின் முன்னால் மதிப்பு 1 உள்ள ஒரு பைட்டைச் சொருகித் தனக்குத்தானே அடையாளம் வைத்துக்கொள்கிறது. என் ஃபங்ஷன் அதையும் ஒரு எழுத்தாக எண்ணியது. அடையாள பைட்டை அதற்கு அடுத்த எழுத்தோடு சேர்த்தே எடுக்கும்படி மாற்றினேன். பிரித்து முடித்த பின் அடையாளத்தை நீக்குவதற்குப் பாஷிடமே ஃபங்ஷன் இருக்கிறது.

எந்த ஆப்ஷனும் தனியாக வாழ்வதில்லை. ரீட்டின் மற்றப் பதினொன்றோடும் '-ஜி' எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு நிரப்பினேன். '-ஏ' இல்லாமல் வந்தால் பிழை. சின்ன என், பெரிய என் இரண்டோடும் வந்தால் பிழை, ஏனென்றால் அவை எண்ணுவது கோட்பாயிண்டுகளை. ஒரே கமாண்டில் இரண்டு கணக்கு இருந்தால் படிப்பவருக்குத் தலை சுற்றும். காலக்கெடு வைக்கும் 'டி'யோடு வரலாம். ஆனால் நேரம் முடிந்து பாதி வரியோடு திரும்பும்போது கடைசி எழுத்து அரைகுறையாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் ரீட் 128-க்கு மேற்பட்ட எண்ணைத் திருப்பும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விளக்கத்தில் எழுதினேன். மற்றவற்றோடு எந்த உரசலும் இல்லை.

சோதனைச் சொற்களை அத்தை எழுதிக் கொடுத்தார். முதலில் 'விகடகவி'. முன்னும் பின்னும் ஒன்றாக வர வேண்டிய சொல். கோட்பாயிண்டாகத் திருப்பினால் முதலில் அநாதையாக ஒரு இகரக் குறி வந்து நிற்கும். '-ஜி' கொடுத்த அரேயைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே வந்தது. அடுத்து 'தேரு வருதே', இடைவெளி உதிர்ந்து ஐந்து எழுத்து. 'அஃது' மூன்று. 'கொக்கு' என்ற சொல்லை நான் இரண்டு விதமாகச் சேமித்துப் பார்த்தேன், ஏனென்றால் 'கொ'வுக்குள் இருக்கும் ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு எண்ணாகவும் வரலாம். இரண்டிலும் மூன்று எழுத்துதான் வந்தது.

'பக்ஷி'யில்தான் நின்றோம். க், ஷி என்று இரண்டாகப் பிரிப்பதா, ஒன்றாக வைப்பதா?

"வாயில ரெண்டு சத்தம் அத்தை. ஆனா எழுதும்போது ஒரே எழுத்தால்ல வருது?"

"பிள்ளைங்க கண்ணுக்கு முன்னாடி ஒண்ணாத்தான நிக்குது. பிரிச்சுக் காட்டுனா, அப்புறம் சேர்ந்து இருக்கிறது வேற என்னவோன்னு நினைச்சுக்கும். சேர்த்தே வையிம்மா."

சேர்த்தே வைத்தேன், 'ஸ்ரீ'யையும் அப்படியே.

இதைப் பாஷ் பராமரிப்பவர்களுக்கு அனுப்பவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்ட பாஷை, பல பத்தாண்டுகளாகச் செட் ரேமி என்ற ஒரே மனிதர் கவனித்து வருகிறார். அவ்வளவு காலம் ஒன்றைக் காப்பாற்றுபவரிடம் போய் என் 13 எண்கள் கொண்ட அட்டவணையை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. தமிழுக்கு மட்டும் எழுத்தைப் பிரித்துவிட்டுத் தெலுங்கையும் மலையாளத்தையும் விட்டுவிடும் ஆப்ஷனுக்குப் பொதுக் கமாண்டில் இடம் கேட்பது நியாயம் இல்லை. எல்லா மொழிக்கும் செய்ய வேண்டுமானால் யூனிகோடின் முழு விதிகளும் ஷெல்லுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் அவை மாறும். அது வேறு அளவிலான வேலை. ஒரு ஆப்ஷன் எழுத்தை ஒருமுறை உள்ளே விட்டால் பிறகு வெளியே அனுப்ப முடியாது என்பதும் இருக்கிறது. எங்கே ஒரு வரி முடிகிறது என்று சொல்லும் '-டி' பாஷில் எவ்வளவோ காலமாக இருந்தும், போசிக்ஸ் தரம் அதை ரீட்டுக்கு ஏற்றுக்கொண்டது 2024 பதிப்பில்தான். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே என் பாஷ் எங்கள் வீட்டு லேப்டாப்பில் தனி இடத்தில் இருக்கிறது. கணினியின் சொந்தப் பாஷைத் தொடவில்லை. அத்தை முன்பு வேலை பார்த்த பள்ளியிலிருந்தும் அந்த ஸ்கிரிப்டைக் கேட்டார்கள். அங்கே ஷெல்லை மாற்றச் சொல்ல முடியாது. அவர்களுக்கு அதே 13 எண்களை வைத்து, சாதாரண ஷெல் ஃபங்ஷனாகப் பன்னிரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கோட்பாயிண்டாக எடுத்து, ஒட்டுக்குறியாக இருந்தால் முந்தைய உறுப்போடு ஒட்டு, இல்லாவிட்டால் புது உறுப்பு. எந்தப் பாஷிலும் ஓடும். அவசரத்துக்கு இது போதும் என்பவர்கள் இப்படியே செய்துகொள்ளலாம். நான் சி கோடுக்குள் போயிருக்காவிட்டால் அந்தப் பன்னிரண்டு வரியை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு அத்தை உள்ளே வந்தார்.

"எழுத்து எண்ணியாச்சு. மாத்திரை எண்ணுமா உன் கமாண்டு? அதுக்கு ஒரு எழுத்து போடேன்."

"அது ரீட்டோட வேலை இல்ல அத்தை. ரீட் எடுத்துக் குடுக்கும். எடுத்ததை என்ன பண்றதுன்னு வேற ஆளு பாக்கணும்."

"சரி, அந்த வேற ஆளைப் பண்ணு."

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை. பாஷின் கணக்கில் முழு எண் மட்டும்தான் உண்டு, அரை கிடையாது. அதனால் எல்லாவற்றையும் இரட்டித்தேன்: குறில் 2, நெடில் 4, ஒற்று 1, கடைசியில் பாதியாக்கி அச்சடி. குற்றியலுகரமும் ஐகாரக் குறுக்கமும் பெரிய வகுப்புக்கு என்று அத்தை விட்டுவிட்டார். 'தமிழ்' போட்டேன். திரையில் இரண்டரை வந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு த, மி, ழ் என்று கைநொடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.